ஹாஃப்-லைஃபுக்குத் திரும்புவோருக்கு: காதைத் திறந்துவைத்து விளையாட ஒரு முழுமையான வழிகாட்டி

2001-இல் குன்னூரில் எங்கள் வீட்டுக் கணினிக்கு ஸ்பீக்கர் இருந்தது. அதன் ஒயர் மட்டும் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. அப்பாவுக்கு இரவுப் பணி. நான் பள்ளி விட்டு வந்து கணினி முன் உட்காரும் நேரமும் அவர் அசந்து தூங்கும் நேரமும் ஒன்று. ஆகவே ஹாஃப்-லைஃப் என்ற அறிவியல் புனைவு விளையாட்டை ஊமைப்படமாகவே விளையாடி வளர்ந்தவன் நான். கோயம்புத்தூரிலிருந்து நண்பனின் அண்ணன் கொண்டுவந்த நகல் வட்டு அது. இடத்தை மிச்சம் பிடிக்க அதில் இசையையும் வெட்டி எறிந்திருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஆறாவது அத்தியாயத்தில் ஓர் ஆழமான கிணறு போன்ற அறை வரும். நடுவில் மூன்று பச்சை நிறக் கழுத்துகள், நுனியில் அலகு. எட்டிப் பார்த்தால் கொத்திக் கொன்றுவிடும். மூன்று மாதம் அந்தக் கிணற்றில் செத்துச் செத்துப் பிழைத்தேன். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு வந்தது. கணினி பரணுக்குப் போனது.

சென்ற நவம்பரில் மழைக்கு நடுவே ஊருக்குப் போயிருந்தபோது, மடிக்கணினியில் அதே விளையாட்டை ஹெட்ஃபோனுடன் விளையாடினேன். அந்தக் கிணற்றைத் தாண்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த உயிருக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். எனக்கோ அன்று கண் மட்டும்தான் இருந்தது. குருடனும் செவிடனுமாக மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறோம்.

சிறுவயதில் பாதியில் விட்ட விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்காக, குறிப்பாக இந்த விளையாட்டுக்கு, நான் செய்ததையும் செய்யாமல் விட்டிருக்க வேண்டியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

பரணில் இருக்கும் கணினியைத் தொடாதீர்கள்

பழைய கணினியையே தூசி தட்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சமவெளியில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். நீலகிரியில் இருபது ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டி என்றால் உள்ளே ஈரமும் துருவும் குடியேறியிருக்கும். அப்படியே பிளக்கில் செருகினால் மின்வழங்கி புகையலாம். எனக்குப் புகைந்தது. அக்காள் பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டாளோ என்று எல்லோரும் சமையலறைக்கு ஓடினார்கள்.

வட்டுகளுக்கும் இதே கதிதான். குன்னூர் ஈரத்தில் குறுந்தகட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை படரும். துடைக்க வேண்டியிருந்தால் வட்டமாகத் துடைக்காதீர்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டப் போக்கில் விழும் கீறல் ஒரே தடத்தில் தொடர்ந்து பல தகவல்களை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலைக் கருவி சமாளித்துக்கொள்ளும். இவ்வளவு செய்து படித்தாலும் நகல் வட்டில் இசை இருக்கப் போவதில்லை. என்னுடையதை நினைவுக்காக வைத்துக்கொண்டு, விளையாட்டை இணையத்தில் விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் கடையில் வாங்கிவிட்டேன். தள்ளுபடி நாளில் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலைகூட ஆகாது.

வாங்கும் முன் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். ஹாஃப்-லைஃப் என்று தேடினால் பல பெயர்கள் வரும். உங்களுக்கு வேண்டியது 1998 நவம்பர் 19 அன்று வெளியான முதல் விளையாட்டு. வால்வ் நிறுவனத்தின் முதல் படைப்பு. அன்று வெளியிட்டது சியர்ரா. க்வேக் விளையாட்டின் இயந்திரத்தை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, வாங்கிப் பெருமளவு மாற்றி இதைக் கட்டினார்கள். 'சோர்ஸ்' என்று பெயரில் ஒட்டியிருப்பது பிற்பாடு வேறு இயந்திரத்துக்கு மாற்றப்பட்ட வடிவம், அது வேண்டாம். 'பிளாக் மெசா' என்பது ரசிகர்கள் பல ஆண்டுகள் உழைத்து 2020-இல் முழுமையாக வெளியிட்ட மறு ஆக்கம். அருமையானது. ஆனால் அதை முதலில் விளையாடினால் உங்கள் நினைவில் இருக்கும் பழைய சுவர்களும் படிக்கட்டுகளும் அழிந்துபோகும். பழைய வீட்டைப் பார்க்காமல் நேராகப் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போவதைப் போன்றது அது.

2023 நவம்பரில், 25-ஆம் ஆண்டு நிறைவையொட்டி வால்வ் இதற்கு ஒரு புதுப்பிப்பு வெளியிட்டது. அகலத் திரைகளில் பட்டியல்களும் எழுத்துகளும் ஒழுங்காகத் தெரிவது அதனால்தான். அன்று இது 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்திலும் 24 எம்பி நினைவகத்திலும் ஓடியது. எனவே உங்கள் மடிக்கணினி தாங்குமா என்று கேட்காதீர்கள்.

உட்காரும் முன்

ஹெட்ஃபோன். இதற்கு மாற்றே கிடையாது. எங்கள் வீட்டு முன்தாழ்வாரம் துத்தநாகத் தகடு. வடகிழக்குப் பருவமழை அதில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மடிக்கணினியின் ஸ்பீக்கர் எம்மாத்திரம்? காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனாக இருந்தால் நல்லது. இடம் வலம் சரியாக மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், முதல் நாள் நான் திருப்பி மாட்டிக்கொண்டு, வலப்பக்கம் முனகிய எதிரியை இடப்பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

மடிக்கணினியை முழுவதும் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் எந்தச் சரிவில் எந்த மரம் எந்தக் கம்பியின் மேல் சாயும் என்று சொல்ல முடியாது.

பிறகு அமைப்புகள். திரைத் தெளிவை உங்கள் திரையின் இயல்பான அளவுக்கு வையுங்கள். நொடிக்கு எத்தனை படச் சட்டங்கள் (ஃப்ரேம்) என்பதை நூறுக்கு மேல் விடாதீர்கள். பழைய இயந்திரத்தில் அசைவின் கணக்கு அதோடு பிணைந்திருக்கிறது, வேகம் மிகுந்தால் மின்தூக்கிகளில் கால் சிக்கிக்கொள்ளலாம். மௌஸின் தானியங்கி வேகக் கூட்டலை நிறுத்திவிடுங்கள். அன்று அம்புக்குறி விசைகளால் நடந்தவர்கள் இன்று டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளுக்கு மாறியே ஆக வேண்டும். இடக்கை விரல்கள் குனிவதற்கான கன்ட்ரோலுக்கும் மெதுவாக நடப்பதற்கான ஷிஃப்டுக்கும் எட்ட வேண்டும். கிணற்றில் உயிரைக் காப்பவை அந்த இரண்டும்தான்.

நாற்பதை நெருங்குபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: தலைசுற்றும். பதின்மூன்று வயதில் நான்கு மணி நேரம் ஆடிய உடம்பு இது அல்ல. விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் வாருங்கள். முதல் நாள் அப்படிச் செய்யாமல், கல்லட்டி வளைவுகளில் பஸ்ஸின் கடைசி இருக்கையில் வந்தவனைப் போல் எலுமிச்சையை முகர்ந்துகொண்டு படுத்திருந்தேன்.

கடினம் மூன்று நிலைகளில் இருக்கிறது. நடுநிலையை எடுங்கள். எளிய நிலையில் பதுங்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். பதுங்காத ஹாஃப்-லைஃப் உப்பில்லாத பண்டம்.

டிராமை விட்டு எழுந்து போகாதீர்கள்

ஆட்டம் தொடங்கியதும் சில நிமிடங்கள் நீங்கள் ஒரு டிராம் வண்டிக்குள் அடைபட்டிருப்பீர்கள். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. வண்டி குகைகளுக்குள் தொங்கியபடி போகும். உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் வரும். சிறுவனாக இருந்தபோது இந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இப்போது ஹெட்ஃபோனில் அந்த அறிவிப்புக் குரலைக் கேளுங்கள். காலை 8:47 என்கிறது. வெளியே 93 டிகிரி ஃபாரன்ஹீட், 105 வரை ஏறலாம் என்கிறது. ஆய்வுக்கூடத்துக்குள் எப்போதும் 68 டிகிரி என்று பெருமையாகச் சொல்கிறது. 68 ஃபாரன்ஹீட் என்றால் 20 செல்சியஸ். நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் கோடி கோடியாகச் செலவழித்து அவர்கள் உண்டாக்கியது நம் ஊர்க் கோடைப் பகலைத்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள் என்று ரயிலில் போய் வந்தவர்களுக்கு இந்தத் தொடக்கம் தனியாக உறைக்கும். சுரங்கம், வெளிச்சம், மறுபடி சுரங்கம், நம்மைக் கவனிக்காமல் வேலை பார்க்கும் மனிதர்கள். ரயில் பயணத்தில் யாரும் எதையும் விளக்குவதில்லை. சன்னலில் வருவதை நாமே சேர்த்துக்கொள்கிறோம். ஹாஃப்-லைஃபும் கடைசிவரை அப்படித்தான் கதை சொல்கிறது. நடுவில் படம் போட்டுக் காட்டும் வேலை இல்லை. காட்சி முழுவதும் கார்டன் ஃப்ரீமேனின் கண் வழியாகவே நகரும். அவருக்கு 27 வயது, எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்ற இயற்பியலாளர், ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"மாமா, இவர் ஏன் பேசவே மாட்டேன் என்கிறார்?" என்று அக்காள் மகன் கேட்டான்.

"அவர் பேசினால் நீ பேச முடியாதே."

"அப்படியானால் நான் பேசலாமா?"

"பேசாதே. விளையாடுகிறேன்."

(அவனுக்குப் பன்னிரண்டு வயது. ரத்தமும் சதையும் தெறிக்கிற விளையாட்டு இது, பெரியவர்களுக்கானது. முதல் இரண்டு அத்தியாயங்களோடு அவனை எழுப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அக்காள் போட்ட நிபந்தனை.)

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவசரப்படாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஓய்வறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. அதன் பொத்தானை விடாமல் அழுத்தினால் உள்ளே இருக்கும் யாரோ ஒருவருடைய மதிய உணவு வெடிக்கும். பள்ளியில் எங்களை ஊட்டி அருகே முத்தொரை ரேடியோ தொலைநோக்கியைக் காட்ட அழைத்துப்போனபோது, 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருந்த அந்த எஃகுச் சட்டங்களை நான் பார்க்கவே இல்லை. எங்கள் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ அதே அளவு, ஏறக்குறைய 11 டிகிரி, சாய்ந்த சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள் என்று அங்கே விளக்கியது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்று என் கவலையெல்லாம் விஞ்ஞானிகளின் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் இருக்கிறதா என்பதுதான்.

காதால் எதிரியை அறிவது

ஆய்வுக்கூடத்தில் நடக்கும் சோதனை தவறிப்போய், வேற்றுலக உயிர்கள் கட்டடத்துக்குள் கொட்டத் தொடங்கியதும் உங்கள் கைக்கு வரும் முதல் ஆயுதம் கடப்பாரை. குண்டுகளை மிச்சப்படுத்த முடிந்தவரை இதையே பயன்படுத்துங்கள். பெட்டிகளையும் உடைக்கலாம், மருந்தும் தோட்டாவும் அவற்றிலும் கிடைக்கும்.

ஊமை விளையாட்டில் எதிரிகளுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். நான்கு கால்களோடு முகத்தில் பாயும் ஹெட்கிராப் எங்களுக்கு 'உரித்த கோழி'. கூரையிலிருந்து நாக்கைத் தொங்கவிடும் பார்னகிள் 'தூண்டில்'. சத்தம் வந்த பிறகுதான் ஒவ்வொன்றும் தாக்கும் முன்பே சொல்லிவிட்டுத் தாக்குகிறது என்று தெரிந்தது. கோழி பாயும் முன் ஒரு கீச்சொலி. அது கேட்டதும் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தால் அது சுவரில் மோதும். மூன்று கால் 'ஹவுண்ட்-ஐ' அதிர்வலையை ஏவும் முன் அதன் முனகல் சுருதி ஏறிக்கொண்டே போகும். உச்சத்துக்கு வரும் முன் அடித்துவிடுங்கள், அல்லது ஓடிவிடுங்கள். கைகளுக்கு இடையே பச்சை மின்னல் திரட்டும் வார்டிகான்ட்டும் அப்படியே. மின்சாரம் சேரும் ஓசை கேட்டால் தூணுக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

பிற்பாடு எதிரிகளாக வரும் ராணுவ வீரர்கள் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். அந்தக் கரகரப்பு, சுவருக்கு அப்பால் ஆள் இருக்கிறது என்பதற்கான இலவசச் செய்தி. 'ஃபயர் இன் த ஹோல்' என்று கத்தினால் கையெறி குண்டு வருகிறது; நிற்கும் இடத்தை உடனே காலி செய்யுங்கள். அந்த வீரர்களின் புத்திசாலித்தனத்தை நான் மாயம் என்று நம்பியிருந்தேன். இன்று பார்த்தால் சுற்றி வளைப்பதும் பின்வாங்குவதும் குண்டெறிவதும்தான். ஆனால் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியாமல் வெறும் கண்ணோடு நின்ற சிறுவனுக்கு அது மாயமாகத்தான் இருந்திருக்கும்.

காத்திருக்கும்போது ஓசையே எழுப்பாதது தூண்டில் மட்டும்தான். அதற்கு ஒரே மருந்து, புது அறைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பது.

சேமிக்கும் பழக்கத்தையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். எஃப்6 உடனடிச் சேமிப்பு, எஃப்7 அதற்குத் திரும்புதல். ஆனால் அதை மட்டும் நம்பினால் கழுத்தறுபடும். பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது கை தவறி எஃப்6-ஐ அழுத்தினால், நீங்கள் சாகும் நொடி பத்திரமாகச் சேமிக்கப்பட்டுவிடும். ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் பட்டியலுக்குள் போய்த் தனிச் சேமிப்பு ஒன்று வையுங்கள்.

கிணறு

இனி அந்த அறை. அத்தியாயத்தின் பெயர் பிளாஸ்ட் பிட். ராக்கெட் இயந்திரத்தைச் சோதிக்கும் ஆழ்குழி. அதற்குள் அந்த மூன்று கழுத்துகள். சாதாரண ஆயுதத்தால் கொல்ல முடியாது. சுட்டால் சற்று உள்ளே போய்விட்டு மறுபடி வரும். கொல்ல ஒரே வழி, மேலே தொங்கும் இயந்திரத்தைப் பற்றவைத்து எரிப்பது. அதற்கு எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம் மூன்றும் வேண்டும். மூன்றையும் இயக்கும் இடங்களுக்குப் போக அந்தக் குழியைச் சுற்றியே பாதை.

ஓடினால் கேட்கும். குதித்தால் கேட்கும். துப்பாக்கி சொல்லவே வேண்டாம். ஷிஃப்டை அழுத்தி மெதுவாக நடந்தாலும், கன்ட்ரோலை அழுத்திக் குனிந்து நகர்ந்தாலும் காலடி ஓசை எழாது. சத்தம் போடாதீர்கள், அதற்குக் கேட்கும் என்று விளையாட்டுக்குள்ளேயே ஒருவர் எச்சரிக்கிறார். அந்த ஒரு வாக்கியம்தான் அப்பாவின் தலையணைக்கு அடியில் மூன்று மாதம் கிடந்திருக்கிறது.

நான் தாண்டிய முறை இது. கதவருகே நின்று முதலில் கேளுங்கள். அலகு இரும்புத் தளத்தைத் தட்டும் 'டங், டங்' ஓசை காதுக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள். கையெறி குண்டு ஒன்றை நீங்கள் போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே எறியுங்கள். வெடித்ததும் மூன்று கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பிக் கொத்தத் தொடங்கும். அந்த நேரத்தில் சுவரை ஒட்டி நடங்கள். ஓடாதீர்கள். அலகு தலைக்கு மேல் வந்து நின்றாலும் ஓடாதீர்கள். அசையாமல் நின்றால் அது தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒருமுறை அப்படி நின்றபோது வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் உண்மையிலேயே மூச்சைப் பிடித்திருந்தேன் என்பது, அம்மா தேநீர் டம்ளரை மேசையில் வைத்த ஓசைக்கு இருக்கையிலிருந்து துள்ளியபோதுதான் தெரிந்தது.

குண்டுகளை இந்த அறைக்கென்று நாலைந்தாவது சேர்த்துவையுங்கள். மூன்று விசைகளையும் இயக்கிவிட்டு மேலே கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பிப் பொத்தானை அழுத்துங்கள். எரியும்போது அது போடும் அலறலைக் கேட்ட பிறகு எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அது காலி செய்த துளை வழியாகத்தான் அடுத்த பாதை.

மிச்சத்தைக் கடப்பது

இதற்குப் பிறகு எனக்கு எல்லாமே புது நிலம். சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே தட்டுத் தடுமாறுவதில்தான் சுவை.

பவர் அப் அத்தியாயத்தில் வரும் ராட்சத கார்காஞ்சுவாவைத் தோட்டாவால் சுட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மின்சாரத்தை மீட்டுவிட்டு, அதை மின்சுருள்களுக்கு நடுவே இழுத்துவந்து விசையைப் போடுங்கள். ஆன் எ ரெயில் அத்தியாயம் வழி தவற வைப்பதற்கென்றே கட்டியது. வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து ஓட்டுவதே நல்லது. அப்ரிஹென்ஷன் முடிவில் உங்களைப் பிடித்து ஆயுதங்களையெல்லாம் பறித்துவிடுவார்கள். கதை அப்படித்தான், பதறிப் பழைய சேமிப்புக்கு ஓடாதீர்கள், அதற்கு முன் தோட்டாவைக் கஞ்சத்தனமாகச் சேர்க்கவும் வேண்டாம். சர்ஃபேஸ் டென்ஷன் முழு விளையாட்டின் உச்சம். அணை, ஹெலிகாப்டர், அதலபாதாளத்தின் ஓரம் ஒற்றையடிப் பாதை. குன்னூர் டால்பின் நோஸ் பாறை விளிம்பில் நின்று பழகிய எனக்கே உள்ளங்கை வியர்த்தது.

கடைசியில் ஜென் என்ற வேற்றுலகம். ஈர்ப்பு குறைவு, மிதக்கும் பாறைகள், தாண்டிக் குதிக்கும் வேலை. பலர் இங்கேதான் சலித்துப்போய் நிறுத்துகிறார்கள். எனக்கும் இந்தப் பகுதி பிடிக்கவில்லை. அவசரத்தில் முடித்தது போல் இருக்கிறது. நீளத் தாண்டலுக்கு ஓடிக்கொண்டே குனியும் விசையையும் குதிக்கும் விசையையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். ஒவ்வொரு பாறையிலும் சேமியுங்கள். ஒளிரும் குட்டைகளில் நின்றால் உடல்நிலை ஏறும். இறுதி எதிரி நிகிலாந்த்தை நேராகச் சுடாதீர்கள். அது காயத்தை ஆற்றிக்கொள்வது அறையில் பதிந்த மஞ்சள் படிகங்களால். முதலில் அவற்றை உடையுங்கள். பிறகு மேலே ஏறி, திறந்துகொள்ளும் அதன் தலைக்குள் சுடுங்கள். இந்தச் சண்டைக்கு முன் வைத்த சேமிப்பை அழித்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்ததும், ஆட்டம் முழுவதும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோட்டு சூட்டு மனிதர் வந்து ஒரு வேலை தருவதாகச் சொல்வார். ஏற்றுக்கொள்ள எதிரே தெரியும் வாயிலுக்குள் நுழைய வேண்டும். மறுக்க, அப்போது நீங்கள் இருக்கும் டிராம் வண்டியிலேயே நிற்க வேண்டும். நான் முதல்முறை நுழைந்துவிட்டேன். மறுநாள் அந்தச் சேமிப்பைத் திறந்து, நிகிலாந்த்தை மறுபடி வீழ்த்தி, நுழையாமல் நின்று பார்த்தேன். கையில் கடப்பாரைகூட இல்லாமல் ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.